உதுக்குள்ளை போடும்

ஈர உள்ளங்கையில் ஒரு விரல் நீள மீன்குஞ்சு. அதை மல்லாத்தி, வாலுக்குச் சற்று முன்னால் வயிற்றுப் பக்கம் இருக்கும் துடுப்பை அண்ணை ஒரே ஒரு பார்வை பார்ப்பார். துடுப்பு நீண்டு, முன்விளிம்பு வெள்ளையாக இருந்தால் சால்மன். குட்டையாக இருந்தால் ட்ரவுட். மற்றபடி இரண்டும் ஒரே அச்சு. ஒரே பழுப்பு, விலாவில் விரலை மையில் தோய்த்து வைத்தது போல ஒரே கரும்பட்டைகள். ஊரில் விலங்கியல் படித்துவிட்டு மேற்படிப்புக்காக டொராண்டோ வந்த எனக்கு ஒரு குஞ்சைப் பிரித்தறிய ஒரு நிமிடம் பிடிக்கும். அப்போதும் சந்தேகம் மிச்சமிருக்கும். அண்ணைக்கு அந்த ஒரு பார்வை போதும். அப்படிப்பட்டவருக்கு நான் என்ன செய்தேன் என்பதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. நான் அண்ணை என்று கூப்பிட்ட அவருக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர், இலங்கையில் மீன்பிடித் துறையில் அதிகாரியாக இருந்தவர். இங்கே அவருடைய சான்றிதழ்கள் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு குளிர்காலம் ஓர் உணவகத்தில் தட்டுக் கழுவிய பிறகு, எங்கள் பேராசிரியர் அவரை ஆய்வு உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். ஓராண்டு ஒப்பந்தம்தான். இலையுதிர்கால வேலை ஒழுங்காக முடிந்தால் நிரந்தரம் என்று வாக்குக் கொடுத்திருந்தார். "மீனோடை திரும்பச் சேந்திட்டன் தம்பி, இனி விடமாட்டன்" என்று அண்ணை அடிக்கடி சொல்வார். நான் திருநெல்வேலிக்காரன். "என்ன அண்ணை, உங்க தமிழ் பாதி மலையாளம் மாதிரி இருக்கே" என்று கிண்டல் செய்வேன். "நீங்கள் பாதியை விட்டிட்டுக் கதைக்கிறியள், அதாலைதான்" என்பார், கோபமே இல்லாமல். பள்ளியில் தமிழில் முதலாவதாக வந்தவன் என்ற திமிர் எனக்கு. அ, இ, உ மூன்றும் சுட்டெழுத்துகள் என்று ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவன். அந்த மூன்றாவது எழுத்தை உயிரோடிருக்கும் மனிதர்கள் பேச்சில் பயன்படுத்துவார்கள் என்று நினைத்துப் பார்த்ததே இல்லை.

விட்பி ஊருக்கு வடக்கே சோள வயல்களுக்கு நடுவில் ஓடும் ஓர் ஓடைதான் எங்கள் களம். ஓடிவந்து குதித்தால் அக்கரைக்குப் போய்விடலாம், அவ்வளவு அகலம்தான். அங்கே முன்பே குடியேறிவிட்டது ட்ரவுட். பெரிய ஏரியில் புதிதாகக் கொண்டுவந்து விடப்பட்டு, அங்கிருந்து ஏறிவந்து முட்டையிடத் தொடங்கியிருந்தது சால்மன். இத்தனை சிறிய தண்ணீரில் இரண்டும் எப்படிச் சேர்ந்து பிழைக்கின்றன என்பதுதான் பேராசிரியரின் கேள்வி. சால்மன் குஞ்சு முந்திப் பொரித்து முந்தி வளர்ந்து ஆழமான மடுவைப் பிடித்துக்கொள்கிறது, ட்ரவுட் குஞ்சு கற்களின் மேல் சலசலக்கும் ஆழமில்லாத இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது என்பது கோடை முழுவதும் எங்கள் கண்ணில் பட்டது. "சண்டை பிடிச்சாலும் ஆளுக்கொரு மூலை வச்சிருக்குதுகள், பாரும்" என்பார் அண்ணை. அதை எண்ணிக் காட்டுவதுதான் அந்த இலையுதிர்காலத்து வேலை.

அக்டோபரில் ஒரு நாள் ஒரு மடுவை எண்ணினோம். அண்ணையின் முதுகிலிருந்த பெட்டி தண்ணீருக்குள் மின்சாரம் பாய்ச்ச, மீன்கள் சில நொடிகள் மயங்கி மிதக்கும். அவற்றை அள்ளித் துடுப்பைப் பார்த்து எது எந்த வாளிக்கு என்று சொல்வது அண்ணையின் வேலை. வாங்கி வாளியில் போட்டு, அளந்து எழுதிவிட்டுத் திரும்ப ஓடையில் விடுவது என் வேலை. ட்ரவுட்டுக்குச் சிவப்பு வாளி, சால்மனுக்குப் பச்சை. காலையில் நான் சிவப்பு வாளியின் பக்கத்தில் நின்றேன்; பச்சை பத்தடி தள்ளிக் கரையில் இருந்தது. குளிரில் அண்ணையின் பேச்சு சுருங்கிப்போய்விட்டது. ட்ரவுட் வந்தால் "உதுக்குள்ளை போடும்." சால்மன் வந்தால் "அதுக்குள்ளை போடும்." உது என்றால் சிவப்பு வாளி, அது என்றால் பச்சை வாளி என்று என் மண்டையில் ஏறிவிட்டது. மதியத்துக்கு மேல் பச்சை வாளியின் பக்கம் கொஞ்சம் வெயில் விழுந்தது. நான் அங்கே போய் நின்றுகொண்டேன். அண்ணை கைவலையை என் பக்கம் நீட்டி, "உதுக்குள்ளை போடும்" என்றுவிட்டுத் திரும்பக் குனிந்துகொள்வார். நான் பத்தடி நடந்து சிவப்பு வாளியில் போட்டுவிட்டு வருவேன்.

அந்த மடுவில் ட்ரவுட் குவிந்து கிடந்ததாக என் ஏடு சொன்னது. பேராசிரியர் துள்ளாத குறை. ட்ரவுட் சால்மனிடமிருந்து ஆழத்தைப் பறித்துக்கொண்டது என்றால் அதுவே உன் ஆய்வேட்டின் நெஞ்சு என்றார். நானும் மிதந்துகொண்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து, அந்த மடுவில் அன்று பிற்பகல் பிடித்ததில் மாதிரிக்காக எடுத்துவைத்த புட்டியை அவரே திறந்தார். 'ட்ரவுட்' என்று சீட்டு ஒட்டிய புட்டிக்குள் இருந்த அத்தனையும் சால்மன். அண்ணையைக் கூப்பிட்டார். அண்ணை ஒவ்வொன்றாக எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நான் பாத்துத்தானே சொன்னனான்" என்று என்னிடம் தமிழில் முணுமுணுத்தார். பேராசிரியர் சத்தம் போடவில்லை. ஒரு மடுவில் வகை தவறியிருந்தால் இந்தப் பருவத்தில் எண்ணிய எல்லா மடுக்களையும் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

அன்று மதியச் சாப்பாட்டில் உப்புப் புட்டி என் கைப்பக்கம் இருந்தது. "தம்பி, உதை ஒருக்காத் தாரும்" என்றார் அண்ணை.

"எதை அண்ணை?"

"உதுதான். உமக்குப் பக்கத்திலை கிடக்கிறது."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உது எந்த வாளியின் பெயரும் இல்லை. கேட்பவன் பக்கத்தில் எது இருக்கிறதோ அது உது. நான் இடம் மாறியபோது உதுவும் என்னோடு பச்சை வாளிக்கு மாறியிருக்கிறது. உப்பை எடுத்து நீட்டினேன்.

பிற்பகல் பேராசிரியர் என்னைத் தனியாக அழைத்து, கைமாறும்போது ஏதாவது குழம்பியிருக்குமா என்று கேட்டார். அந்தக் கேள்வியே எனக்கு ஒரு வாசலைத் திறந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு சொல் போதும். "அவர் சொன்னபடிதான் போட்டேன்" என்றேன். அதோடாவது நிறுத்தியிருக்கலாம். "அவர் பேசுவது சில நேரம் எனக்கே விளங்காது" என்றும் சேர்த்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் அது நாக்கில் தடுக்காமல் வந்தது.

அண்ணையின் ஒப்பந்தம் டிசம்பரோடு முடிந்தது. போகிற அன்று தன் ரப்பர் பூட்சைக் கழுவித் துடைத்து என் மேசைக்கடியில் வைத்துவிட்டு, "உமக்கு அடுத்த வருசம் தேவைப்படும்" என்றார். தேவைப்பட்டது. அடுத்த இலையுதிர்காலத்தில் அதைப் போட்டுக்கொண்டுதான் எல்லா மடுக்களையும் மறுபடி எண்ணினேன். மடுவில் சால்மன், சலசலப்பில் ட்ரவுட். அண்ணை சொன்னது போலவே இருந்தது. என் ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் பேராசிரியர் இருக்கிறார், நிலத்தில் இறங்க விட்ட விவசாயி இருக்கிறார், அண்ணை இல்லை. அந்தப் பக்கத்தை இன்றும் என்னால் திறக்க முடிவதில்லை, அவ்வளவு வெட்கமாக இருக்கிறது. உண்மையைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பிறகு எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். ஒரு மடுவின் ஒரு பிற்பகல் பக்கத்தை அடித்துவிட்டால் போதும். யாரும் வெளியேற வேண்டியிருக்காது. அந்த ஆய்வகத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் இடம் இருந்தது.

அண்ணை காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது, அவர் வேலையை விட்டுப் போன மூன்றாம் ஆண்டில், வோபர்னில் ஒரு பஸ் நிறுத்தத்தில். கதவுப்பிடி செய்யும் தொழிற்சாலையில் வேலை என்றார். தடித்த கறுப்புச் சட்டம் போட்ட புதுக் கண்ணாடி அணிந்திருந்தார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். சொல்லிவிட வேண்டும் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"அண்டைக்கு நான் மாறிப் பாத்துப்போட்டன் தம்பி. உம்மடை ஒரு வருசப் படிப்பையும் பாழாக்கிப் போட்டன். குறை நினையாதையும்."

என் கைகளை விட்டுவிட்டுக் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினார்.

"அதுக்குப் பிறகுதான் போய்க் கண்ணைக் காட்டினனான். டொக்ரர் ஒரு பழுதும் இல்லை எண்டுதான் சொன்னவர். நான்தான் இல்லை, எனக்குச் சரியாத் தெரியிறேல்லை எண்டு நிண்டு இதை வாங்கினனான்." சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

பஸ் வந்துகொண்டிருந்தது.

"உங்களுக்கு வடிவா இருக்கு அண்ணை" என்றேன்.