மூன்றாவது சோக்

"இன்னாப்பா, பழைய சோக்குக்குப் பெயிண்ட் அடிச்சு மாட்டிட்டியா?" என்று நெசவாளர் ஏகாம்பரம் கடை வாசலில் நின்று கத்தினார். எழுபதுகளில் காஞ்சிபுரத்து எலக்ட்ரிகல் கடை ஒன்றில் நான் வயர்மேன். அவர் தறிக்கு மேலிருந்த டியூப் லைட்டுக்கு நான் மாட்டிய இரண்டாவது சோக்கும் ஒரே மாதத்தில் எரிந்துவிட்டது.

முதலாளி என்னைப் பார்த்தார். "இன்னொரு தபா எரிஞ்சுதுன்னா நீ வேற கடை பாத்துக்கோ."

கை சுத்தம் என்று பெயர் வாங்கியவன் நான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அவர் அவசரமும் புரிந்தது. தறியில் கல்யாணப் புடவை. வெள்ளிக்கிழமை வாலாஜாபாத்திலிருந்து பெண் வீட்டார் வருகிறார்கள். அடைமழையில் பகலே இருட்டிக் கிடந்தது. குண்டு பல்பில் அரக்கும் மெரூனும் ஒன்றுபோலத் தெரியும். குறுக்கே ஓடும் ஊடை நூல் மாறினால் பிரித்துத்தான் நெய்ய வேண்டும்.

பிள்ளையார்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போய் மெயினை ஆஃப் செய்து சோக்கைக் கழற்றினேன். கருகல் வாடை அடித்தது. மெயினை மறுபடி போட்டு, சோக்கை நூறு வாட் பல்போடு ஒரே வரிசையில், சீரீஸில், இணைத்துப் பார்த்தேன். நல்ல சோக் என்றால் பல்பு மங்கலாக எரியும். இதில் பளிச்சென்று எரிந்தது. உள்ளே கம்பிச் சுருளில் ஷார்ட். வோல்டேஜ் சரி, ஸ்டார்ட்டர் சரி, ஹோல்டரும் சரி. புது சோக் மாட்டினேன், லைட் எரிந்தது. வழக்கமாக அதோடு கிளம்பிவிடுவேன். அன்று வீம்புக்கு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அரை மணி போயிருக்கும். ஏகாம்பரத்தின் மனைவி ராஜம்மா ஒரு கூடை தார்க்குச்சிகளோடு வந்தார். ஊடை நூல் சுற்றிய குச்சிகளை லைட் பட்டியின் மேல், சோக்கை மூடி அடுக்கினார். அதன்மேல் பழைய வேட்டியை வேறு போர்த்தினார்.

"இன்னாமா பண்றீங்க?"

"மழைக்கு நூல்ல ஈரம் ஏறிக்கினே இருக்குதுபா. இது மேல வெச்சா சூட்டுல காஞ்சிடும்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணே, சோக்குக்குக் காத்து வேணும். நீங்க வேட்டி போத்தி வேக வெச்சுட்டீங்க!"

தறியில் உட்கார்ந்திருந்த ஏகாம்பரம் மிதியை நிறுத்தினார்.

"அப்போ ஊடைய எங்கதான் காய வெக்கிறது?" என்று ராஜம்மா கேட்டார். நியாயமான கேள்வி. வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வந்தால், அடுத்த மழைக்கு மறுபடியும் வைப்பார்கள். சோக்கைக் கழற்றிப் பட்டியின் அடிப்பக்கம் மாட்டினேன். ஒரு காலி டீத்தூள் பெட்டிக்குள் சின்ன பல்பு பொருத்தி, மேலே கம்பி வலை அடித்து, "இதுல காய வைங்கம்மா" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் புடவை தறியிலிருந்து இறங்கியது. மறுநாள் கடையில் நாலு பேர் நிற்கும்போதே ஏகாம்பரம், "அன்னிக்கு நான் பேசினது தப்புபா" என்றார். முதலாளி கல்லாவைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது, மறைப்பானேன்?

அன்றிலிருந்து எந்த வீட்டிலும் வேலை முடிந்ததும் கிளம்பமாட்டேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துக்கொண்டு, அந்த வீட்டார் என்ன செய்கிறார்கள் என்று கொஞ்ச நேரம் பார்ப்பேன். சோக் மாற்றத் தெரிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள். அது ஏன் எரிந்தது என்று உட்கார்ந்து பார்த்தவன் நான். நான் சொந்தக் கடை திறந்த அன்றும், அந்த மூன்றாவது சோக் அதே தறிக்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது.