பருத்திப் பெட்டியின் மெலிந்த புழுக்கள்

மார்கழி முதல் வாரம். காலை ஆறரைக்கு மதுரை ஆரப்பாளையத்தில் உசிலம்பட்டி பஸ் ஏறினேன். உடன் வந்த பத்மா, மகால் பக்கத்துச் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். பூச்சியியல் ஆராய்ச்சி மாணவி. அவருடைய ஆய்வைப் பார்க்கத்தான் நான் கிளம்பியிருந்தேன். அவர் மடியில் ஒரு மரப்பெட்டி. டிக்கெட் ஏழு ரூபாய்.

“பெட்டியில என்னக்கா, நகையா?” என்றார் கண்டக்டர்.

“தராசுண்ணே. புழு நிறுக்க.”

“நிறுத்து விக்கப் போறீகளா? கிலோ எம்புட்டு?”

பின்சீட்டில் சிரித்தார்கள். பத்மாவும் சிரித்தார். செக்கானூரணி தாண்டியதும் தன் வேலையை விளக்கினார். ஒரே அந்துப்பூச்சி இட்ட முட்டைகள். பொரித்த புழுக்களில் பாதிக்குப் பருத்தி இலை, பாதிக்கு ஆமணக்கு இலை. எதைத் தின்றது வேகமாக வளர்கிறது, எவ்வளவு எடை போடுகிறது என்று பார்க்க வேண்டும். ஆமணக்கில்தான் புழு செழிக்கிறது என்றால், அதை வரப்போரம் நட்டுப் பூச்சியை அங்கேயே இழுத்துக்கொள்ளலாம், பருத்தி தப்பும்.

“தைக் கடைசிக்குள்ள முடிக்கணும் சார். அதுக்கு மேல படிப்பு வேணாம், கல்யாணம்னு அப்பா சொல்லிட்டார்.”

உசிலம்பட்டியில் டவுன் பஸ்ஸுக்கு மாறி, ஒன்பது மணிக்கு எழுமலைக்கு முந்திய ஒரு நிறுத்தத்தில் இறங்கினோம். இருபுறமும் மானாவாரிப் பருத்தி. ஒற்றையடிப் பாதையில் அரைக் கிலோமீட்டர் நடந்தால் மாயன், பேச்சி தம்பதியின் காடு. பல வருடம் பிறர் நிலத்தில் கூலிக்குப் போய், இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் வைத்திருப்பவர்கள். அவர்களுடைய தகரக் கொட்டகையில்தான் பத்மாவின் புழுப் பெட்டிகள் இருந்தன. அண்ணன் கல்யாணத்துக்காக மூன்று நாள் ஊருக்குப் போனபோது, இலை போடும் வேலையைப் பேச்சியிடம் விட்டிருந்தார். சிவப்பு நூல் கட்டிய பெட்டிக்குப் பருத்தி. பச்சை நூலுக்கு ஆமணக்கு.

“வா தாயி. கல்யாணப் பொண்ணு அழகா?” என்று வரவேற்றார் பேச்சி.

பத்மா ஆமணக்குப் புழுக்களை நிறுத்தார். எதிர்பார்த்த எடை. பிறகு பருத்திப் புழுக்கள்; இருக்க வேண்டியதைவிடக் கனம். முகம் மாறியது. மறுபடி நிறுத்தார். பெட்டியைக் கவிழ்த்து எச்சத்தைக் கிளறினார். தின்னாமல் விட்ட தடித்த ஆமணக்குக் காம்பு ஒன்று விழுந்தது.

“அக்கா, இதுல ஆமணக்கு போட்டீங்களா?”

“ஆமா,” என்றார் பேச்சி, சற்றுப் பெருமையாகவே. “பச்சநூலு கொழுகொழுன்னு இருக்கு. இது நூலு கணக்கா நெளிஞ்சுச்சு. ஒரு வயித்துல பொறந்ததுகளுக்குள்ள என்ன தாயி ஓரவஞ்சன? மனசு கேக்கல.”

பத்மா தாவணி நுனியால் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பருத்தி மட்டுமே தின்ற புழு என்று இனி இதைச் சொல்ல முடியாது. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“கூலிக்குப் போன காலத்துல,” என்றார் மாயன், “பருத்திப் புழுவப் படி படியாப் பொறுக்கி மண்ணெண்ணெயில போட்டவ சார் இவ.”

“அது கூலி. இது நம்ம வீட்ல வளந்தது” என்ற பேச்சி, பத்மாவின் கண்ணைப் பார்த்துவிட்டார். “கெடுத்துட்டேனா தாயி?”

பத்மா தலையாட்டினார். பேச்சி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரை எழுப்பிவிட்டது பத்மாதான். இருவரும் ஓர ஆமணக்குச் செடிகளில் இலை இலையாகப் புரட்டினார்கள். பதினொரு மணிக்குப் பழுப்பு ரோமம் மூடிய முட்டைக் குவியல் ஒன்று கிடைத்தது. தை முடிய இன்னும் காலம் இருந்தது. மருந்து படாத பருத்தி இலைதான் இருக்காது. அன்று மதியம் மாயன் காடு முழுக்கத் தெளிக்கப் போகிறார். காய்ப்புழு வந்துவிட்டது.

“நாலு சாலு செடிய மருந்தடிக்காம விட்ரு” என்றார் பேச்சி.

“அம்புட்டும் புழு தின்னுரும்டி.”

“திங்கட்டும்.”

மாயன் என்னைப் பார்த்தார். “கெடா நேந்துவிடுவாக. நான் பருத்தியப் புழுவுக்கு நேந்துவிடுறேன் சார்.”

மூன்று மணிக்கு நான் மட்டும் புறப்பட்டேன். மதுரையில் என் வீட்டுக் கறிவேப்பிலையில் புழுவைக் கண்டால் கிளையோடு ஒடித்து எறிவதுதான் வழக்கம். பாதையின் கோடியில் நின்று திரும்பிப் பார்த்தேன். மாயன் தெளிப்பானை முதுகில் ஏற்றியிருந்தார். மருந்துச் சாரல் படாதபடி நாலாம் சாலுக்கு அடுத்துக் குச்சிகள் நட்டு, தன் சேலைகளை நீளமாகக் கட்டியிருந்தார் பேச்சி. காற்று திரும்பும்போதெல்லாம் பத்மாவும் அவரும் ஆளுக்கொரு நுனியைப் பிடித்துக்கொண்டார்கள்.