நசீர் பாயின் பச்சை மூடி

நசீர் பாய் போய்விட்டார். காலையில் அவர் மகள் போன் செய்து சொன்னாள்... நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே.

என் காரைப் பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். பெயர் தெரியாது, வேலை தெரியும். சிவப்பு கார் பானெட்டின் மேல் பச்சைத் தகர மூடி... "இன்னா சார், உள்ள பிரியாணி தம்ல கீதா?" என்று கேட்டுக் கேட்டு என் மானத்தை வாங்கினீர்களே, அந்த மூடியைச் செய்த மனிதர்.

பாய்க்கு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் வேலை. ஜெனரேட்டரை மூடுகிற தகரக் கூண்டு செய்வார். வீடு தாம்பரம்; ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளிவேலை.

என்னுடையது பழைய டர்போ கார். வேளச்சேரி ரோடு டிராஃபிக்கில் பத்து நிமிஷம் நின்றால் போதும், டெம்பரேச்சர் முள் ஏறிவிடும். இரண்டு தடவை நடுரோட்டில் படுத்துவிட்டது. மூன்றாவது தடவை படுத்தால் விற்றுவிட வேண்டும் என்று என் மனைவி சுதா சொல்லிவிட்டாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

பானெட்டில் காற்றுப் போக வழி வைத்தால் சூடு வெளியேறும் என்று நானாகவே கண்டுபிடித்தேன். நாற்பது வீடியோ பார்த்துக் கண்டுபிடித்தேன் என்பதுதான் சரி. ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு, நல்ல பானெட்டை வெட்ட மாட்டோம் என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள்.

பாய் மட்டும்தான் "வெட்டிடலாம் சார்" என்றார்.

பானெட்டைக் கழற்றி எங்கள் அபார்ட்மென்ட் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போனோம். லிஃப்டில் நுழையவில்லை. நான்கு மாடியும் படியில்தான்... மேலே பழைய மெத்தையைப் போட்டு அதைப் படுக்க வைத்த பிறகு, நானும் பக்கத்திலேயே படுத்துவிட்டேன்.

"காத்து வெளிய போணும், மழை உள்ள வரக்கூடாது. அவ்ளோதானே சார்? இருவது வருசமா இத்தத்தானே பண்ணிகினு கீறேன்."

பானெட் நடுவில் ஒரு செவ்வகத்தை வெட்டி எடுத்தார். அந்த அளவுக்குத் தனித் தகரம். அதில் வரிசையாகக் கீறி, ஒவ்வொரு கீறலையும் மீன் செதில் மாதிரி தட்டி எழுப்பி, ஸ்க்ரூ போட்டுப் பதித்தார். சத்தம் தாங்காமல் சண்டைக்கு வந்த செக்ரட்டரி சார், கொஞ்ச நேரத்தில் தகரத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவ்வளவு அழகு.

அடுத்த வாரம் பெரும்பாக்கத்தில் ஒரு கல்யாணம். சுதா பட்டுப்புடவையில். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும்போது மழை பிடித்தது.

பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. வண்டி நாலு தடவை விக்கியது... நின்றது. குடைக்குள் நின்று பறவை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர், இத்தனை பெரிய லென்ஸை எங்கள் பக்கம் திருப்பினார்.

சுதா இறங்கினாள். ஆட்டோவைக் கைகாட்டினாள், ஏறினாள், போய்விட்டாள். மெசேஜ் மட்டும் வந்தது. "சண்டே வரைக்கும் டைம். மண்டே வண்டிய விக்கறோம்."

விஷயம் இதுதான். ஜெனரேட்டர் கூண்டில் அந்தச் செதில்களின் வாய் கீழ்நோக்கி இருக்கும், மழை உள்ளே போகாது. பாயும் பழக்கதோஷத்தில் பானெட் எந்தப் பக்கம் சரிகிறதோ அந்தப் பக்கமே வாயை வைத்துவிட்டார். பானெட் சரிவது முன்பக்கம்!

அறுபதில் போன என் கார், வழியெல்லாம் வாயைத் திறந்து மழையைக் குடித்திருக்கிறது. நாற்பது வீடியோ பார்த்த மேதைக்கும் இது உறைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாய் வந்தார். பானெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடைசியில் தைரியமாக சுதாவையும் பார்த்தார்.

"ஜெனரேட்டரு எங்கியும் போவாதுல்ல மேடம்... அந்த நெனப்புலியே அட்ச்சிட்டேன்."

சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். சுதா முகத்தைக் கடுப்பாக வைத்துக்கொள்ள ரொம்பவே முயற்சி செய்தாள். முடியவில்லை.

ஸ்க்ரூவைக் கழற்றினார், தகரத்தை முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டார், முடுக்கினார். பத்து நிமிஷம். வண்டி பிழைத்தது. அதற்கப்புறம் ஒரு தடவைகூட ரோட்டில் நிற்கவில்லை.

ஆனால் வாய் இப்போது சரிவின் மேல்பக்கம் பார்க்கிறது. ஓடும்போது கவலையில்லை, நிறுத்தி வைத்தால் மழைத் தண்ணீர் நேராக உள்ளே. எங்களுக்கோ ஓபன் பார்க்கிங். அதற்காகச் செய்து கொடுத்ததுதான் அந்த மூடி, காற்றில் பறக்காமல் இருக்க ஒரு கொக்கியோடு. ஜெனரேட்டருக்கு அடித்தது போக மிஞ்சிய பெயின்ட், அதனால் பச்சை.

அன்றிலிருந்து தாம்பரத்தில் ஒரு தூறல் விழுந்தால் போன் வந்துவிடும். ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது.

"சார், மூடி போட்டீங்களா?"

"போட்டுட்டேன் பாய்."

"கொக்கி?"

"மாட்டிட்டேன் பாய்."

"பொய் சொல்லாத சார்... எறங்கிப் போய் மாட்டு."

எப்படித்தான் தெரியுமோ. நான் கட்டிலில் படுத்துக்கொண்டுதான் பேசியிருப்பேன். ஒருநாள் ஆபீஸ் மீட்டிங்கில் இந்தப் பேச்சு தவறி ஸ்பீக்கரில் போய்விட்டது. அதற்கப்புறம் ஆபீஸில் யாரும் எனக்கு குட் மார்னிங் சொல்வதில்லை. மூடி போட்டாச்சா என்றுதான் கேட்கிறார்கள்.

இன்று நல்லடக்கம் முடிந்து அதே காரில்தான் திரும்பினோம். அபார்ட்மென்ட் வாசலில் தூறல் ஆரம்பித்தது.

எனக்கு இறங்கத் தோன்றவில்லை பாய். போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்துவிட்டது.

சுதாதான் இறங்கிப் போனாள். அந்த மூடியை இத்தனை வருஷத்தில் அவள் தொட்டதே இல்லை. டிக்கியிலிருந்து எடுத்து வந்து, நனைந்துகொண்டே போட்டாள்.

மூடி போட்டாச்சு பாய்.

கொக்கியும் மாட்டியாச்சு... நிஜமாகவே. போய் வாருங்கள்.