மூன்றாம் தொட்டியின் எஸ்டர்

ரம் ஆலையில் ஐவிலின் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே ஊருக்குள் ஒரு கதை கிளம்பியது. அவள் புருஷன் கிளீவ்ஸ்டனுக்கு எஸ்டர் என்று இன்னொருத்தி இருக்கிறாளாம். கிளப்பிவிட்டவன் கிளீவ்ஸ்டனேதான். அதே ஆலையில் வெல்லப்பாகு நொதிக்கும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது அவன் வேலை. சாயங்காலம் கடை வாசலில் டோமினோ ஆடும்போது, "வீட்டுல ஐவி, வேலையில எஸ்டர். ரெண்டு பேரையும் சமாளிக்கணும்ல, சும்மாவா?" என்பான். விவரம் தெரியாத பெண்கள் ஐவிலினைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

எங்கள் தீவின் ட்ரெலானிப் பக்கத்து ரம் ஆலைகளில் எஸ்டர் என்றால் ரம்மின் வாசனை. எந்தப் பீப்பாய் எந்த நாட்டுக்குக் கப்பலேறும் என்பதை அதன் அளவுதான் முடிவு செய்யும். ஆலை வாசலில் வெல்லப்பாகு லாரிகளை எடை போடும் நானே, உள்ளிருந்து யார் வந்தாலும் "இன்னைக்கு எஸ்டர் எப்படி?" என்றுதான் கேட்பேன்.

ஆலையின் ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவப் போனவள் ஐவிலின். இரண்டு வருஷத்தில் எஸ்டரை அளக்கும் அளவுக்கு வந்துவிட்டாள். வேதியியலாளர் லாசெல் ஒருநாள் அவளிடம் ஓர் அமிலத்தை மோந்து பார்க்கக் கொடுத்தாராம். குழந்தை கக்கிய பால் மாதிரி குமட்டியது. அடுத்து வெறும் ஆல்கஹால். மூக்கில் எரிந்தது. இரண்டையும் சேர்த்துச் சூடாக்கியதும் அன்னாசிப்பழ வாசனை எழுந்தது.

"ரெண்டும் கைகோக்கும்போது கொஞ்சம் தண்ணி விலகிப் போயிடும். மிச்சம் நிக்கிறதுதான் எஸ்டர்" என்றார் அவர். "இதை அளக்கணும்னா காஸ்டிக் சோடாவோட கொதிக்கவெச்சுப் பிரிக்கணும். எவ்வளவு சோடா செலவாச்சோ அதை வெச்சு எஸ்டர் எவ்வளவு இருந்ததுன்னு சொல்லலாம்."

"அப்போ அளந்து முடிச்சா எஸ்டர் இருக்காதா?"

"இருக்காது. நம்பர்தான் இருக்கும்."

ஐவிலினும் கிளீவ்ஸ்டனும் எனக்கு அடுத்த வீடு. இதையெல்லாம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவள்தான் சொன்னாள்.

மார்ச் மாதம், கரும்பு வெட்டு மும்முரத்தில் ஒரு வியாழக்கிழமை. கிளீவ்ஸ்டன் மூன்றாம் தொட்டியிலிருந்து மாதிரி எடுத்து வந்து கொடுத்தான். ஐவிலின் அதைக் கண்ணாடி வாலையில் காய்ச்சி வடித்து, பாதியை எடுத்து அளந்தாள்; மிச்சத்தை அதே குப்பியில் ஊற்றி வைத்தாள். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு வந்தது.

"எந்தத் தொட்டியில எடுத்தே?"

"மூணுல. அதான் குப்பியில எழுதியிருக்கேனே."

"மூணுல இவ்வளவு வராது. தூங்கிக்கிட்டே எதையோ மொண்டிருக்கே. போ, வேற எடுத்துட்டு வா."

"உனக்கு அவமேல பொறாமை, ஐவி" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அன்று தொட்டியில் பாதிதான் இருந்தது. கயிற்றில் கட்டி இறக்கிய குவளை நழுவியிருக்க வேண்டும். எட்டி எடுக்கத் தலையை உள்ளே விட்டிருக்கிறான். பாகு நொதிக்கும்போது கிளம்பும் வாயு காற்றைவிடக் கனமானது; வாசனை கிடையாது; தொட்டிக்குள்ளேயே படிந்து கிடக்கும். மயங்கி உள்ளே விழ இரண்டு மூச்சு போதும். தூக்கி வெளியே கிடத்தியபோது அவன் சட்டை முழுக்க நுரை.

அவன் செத்த ஒன்பதாம் நாள் சடங்குக்கு ஊரே வந்திருந்தது. அவன் அம்மா, ஊருக்கெல்லாம் மிஸ் இசில்டா, காது மந்தம். மலையிலிருந்து இறங்கி வந்தவள், எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள். "அந்த எஸ்டர் வரலையா? வந்தா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவளும் அழுதுட்டுப் போகட்டும்." யாரும் சிரிக்கவில்லை. ஐவிலின் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

செத்தவன் திரும்பி வந்தால் அடையாளம் தெரியக்கூடாது என்று கட்டிலைத் திருப்பிப் போட்டோம்; அலமாரியை இடம் மாற்றினோம். ஆனாலும் சில நாளில் அந்த வீட்டில் அன்னாசி வாசனை வர ஆரம்பித்தது. வீட்டிலோ அன்னாசி ஒன்றுகூட இல்லை. ஒருநாள் மரவள்ளி ரொட்டி கொடுக்கப் போன எனக்கே வாசலில் அந்த வாசனை முகத்தில் அடித்தது. 

"கிளீவி வந்துட்டான்" என்றாள், சடங்குக்குப் பிறகு அங்கேயே தங்கிவிட்ட மிஸ் இசில்டா. ஆவிக்கு உப்பு ஆகாது என்று, மகனுக்காக உப்பில்லாத சோறு ஒரு தட்டில் எடுத்து வைத்தாள். ஐவிலின் சன்னலைத் திறந்துவிட்டாள்.

அக்டோபர் மழையில் வாசனை மாறியது. வீட்டுக்குள் நுழைந்தாலே குமட்டியது. "ஏம்மா, அவன் கோபமா இருக்கான். நீ என்ன பண்ணினே?" என்று கிழவி நடுங்கினாள்.

அன்று ஐவிலின் என்னை உள்ளே கூப்பிட்டு, அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு மாவு டப்பாவை எடுத்தாள். உள்ளே ஒரு குப்பி. பென்சிலில் '3' என்று அவன் எழுத்து. கார்க் சுருங்கியிருந்தது.

"அன்னைக்கு மிச்சமான பாதி. இதை அளந்தா அவன் சரியாத்தான் எடுத்தானா, நான்தான் தப்பா அளந்தேனான்னு தெரிஞ்சிடும். சரியா எடுத்திருந்தா, நான் அவனைச் சும்மாவே அனுப்பியிருக்கேன்."

"ஏழு மாசமா ஏன்டி அளக்கலை?"

"அளந்தா இதுவும் போயிடும்ல."

மறுநாள் இருவரும் லாசெலிடம் கொண்டுபோனோம். அவர் மோந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுல தண்ணியும் இருக்கு, அமிலமும் இருக்கு. இவ்வளவு நாள் வெச்சா எஸ்டர் தானாப் பிரிஞ்சு பழையபடி ரெண்டாயிடும்மா. அந்த அமிலம்தான் இப்போ நாறுது. இனி வர்ற நம்பர் இன்னைக்குள்ளது. அன்னைக்குள்ளது கிடைக்காது."

"அப்போ எனக்குத் தெரியவே போறதில்லையா?"

அவர் குப்பியை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். அவள் அடுப்பைப் பற்றவைத்து, சோடாவை ஊற்றி, எல்லாம் முறைப்படி செய்து அளந்தாள். என்ன வந்தது என்று யாரிடமும் சொல்லவில்லை. குப்பியைக் கழுவிக் கவிழ்த்தாள்.

வீட்டில் வாசனை நின்றுபோனது. "ஏன் அவன் வர்றதில்லை?" என்று கிழவி பல நாள் கேட்டுக்கொண்டிருந்தாள். "வருவான், அத்தை" என்று மட்டும் சொன்னாள் ஐவிலின்.

அதற்குப் பிறகு மாதிரி எடுக்க அவள் யாரையும் அனுப்பியதில்லை. தானே போவாள். முதலில் ஒரு லாந்தரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கிப் பார்ப்பாள். சுடர் அணைந்தால் அந்த வாயு கிடக்கிறது என்று திரும்பிவிடுவாள். இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க என்னைத்தான் கூப்பிடுவாள். மற்ற தொட்டிகளில் குனிந்த வேகத்தில் நிமிர்ந்துவிடுவாள். மூன்றாம் தொட்டியில் மட்டும், குவளை நிரம்பிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே குனிந்திருப்பாள். நான் கயிற்றை இழுப்பேன். அப்போதுதான் நிமிர்வாள்.