மூக்கு வேலைக்குப் போன தையல்காரர்

பத்தொன்பது வருடமாக அவள் அதைச் செய்துகொண்டிருந்தாள். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்குவதற்குச் சற்று முன்னால், மொட்டை மாடியிலிருந்து பறித்து வந்த தழையில் ஒரே ஒரு இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கசக்குவாள். முகர்வாள். இடது புருவம் ஒரு நூல் அளவுக்கு மேலே ஏறும். அதற்குப் பிறகுதான் மிச்சத் தழை பாத்திரத்துக்குள் போகும். புருவம் ஏறாவிட்டால் அந்தத் தழை மாடிக்கே திரும்பிப்போய்த் தொட்டிக்கு உரமாகிவிடும்.

இதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர் அவளுடைய கணவர். அவருடைய தையல் மெஷின் சமையலறை வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. தெருவில் அவருக்கு 'அரை இன்ச்' என்று பெயர். யார் சட்டை தைக்கக் கொடுத்தாலும் உள்தையலில் அரை இன்ச் துணியை மடித்து விட்டுவைப்பார். "உடம்பு நாளைக்கும் இப்படியேவா இருக்கப்போகுது?" என்பார். மற்றபடி அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டைப் பற்றி அத்தனை வருடத்தில் அவர் சொன்னது ஒரே சொல்தான்: "சரி." நன்றாக இருந்தாலும் அதுதான். உப்புப் போட மறந்தாலும் அதுதான்.

மழைக்காலத்தில் அவளுக்கு ஒரு சளி பிடித்தது. பத்து நாளில் போயும்விட்டது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் புருவம் ஏறாமலே தழை பாத்திரத்துக்குள் போவதை அவர் மூன்று நாளாகக் கவனித்தார். நான்காம் நாள் அவள் வாணலியில் தனியா வறுத்துக்கொண்டிருந்தாள். தனியா சிவந்து, கறுத்து, புகைந்து, புகை மெஷின்வரைக்கும் வந்துவிட்டது. அவள் அந்தப் புகைக்கு நடுவில் நிதானமாகக் கிளறிக்கொண்டே நின்றாள். கீழ் வீட்டில் இருக்கும் அவருடைய தங்கை படியேறி ஓடி வந்தாள்.

"அண்ணி, வீடு பத்திக்கிச்சா?"

"இல்லையே. ஏன்?"

அவர் மெஷினை நிறுத்தினார். "ஏம்மா, மூக்கு எங்க?"

"இருக்கற எடத்துலதான் இருக்கு," என்றாள் அவள். "வேலைக்குத்தான் வரல."

டாக்டரிடம் போனார்கள். அவர் அவள் மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "வந்தா வரும்," என்றார். எப்போது என்று கேட்டதற்கு, "வர்றப்போ உங்களுக்கே தெரியும்," என்றார். இதற்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள்.

வீட்டுச் சமையல் மட்டும் என்றால் பரவாயில்லை. அவள் ஒரு பெரிய அச்சகத்தின் கேன்டீனில் தலைமைச் சமையல்காரி. எண்பது பேர் சாப்பிடும் இடம். அங்கே ஒரு சூப்பர்வைசர் இருந்தார். அவருக்கு உலகத்தில் உள்ள எல்லாமே பாக்கெட்டில் வந்துவிட்டால் நிம்மதி. தழையைக் கழுவத் தண்ணீர், ஆய ஆள், வறுக்க நேரம், இதெல்லாம் எதற்கு என்பார். ஒரு பீரோ நிறைய மசாலாப் பொடி பாக்கெட்டுகளை வாங்கி அடுக்கி, பூட்டி, சாவியை இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். "அக்காவோட மூக்கு இருக்கற வரைக்கும் தழை. அதுக்கப்புறம் பாக்கெட்டு," என்று எல்லார் முன்னாலும் சொல்லியிருந்தார். விஷயம் வெளியே தெரிந்தால் மறுநாளே பீரோ திறக்கும்.

"பாக்கெட்டை வெட்டறதுக்குக் கத்திரிக்கோல் போதும். நான் எதுக்கு அங்க?" என்றாள் அவள். அன்று இரவு சாப்பிடவில்லை.

மாடியில் அப்போது முப்பத்தொரு தொட்டிகள். அதில் உண்மையான தொட்டி நாலோ ஐந்தோதான். மற்றவை பெயிண்ட் டப்பா, ஓட்டை வாளி, குழந்தையைக் குளிப்பாட்டும் ஒரு டப், அவருடைய பழைய மெஷினின் இழுப்பறை. இழுப்பறையில் கொத்தமல்லி. விதையைத் தரையில் வைத்துத் தேய்த்து இரண்டாக உடைத்துத்தான் விதைப்பாள். டப்பில் புதினா, எல்லாவற்றுக்கும் தள்ளி. "பக்கத்துல வச்சா அடுத்தவங்க வீட்டுக்குள்ள காலை நீட்டிப் படுத்துக்கும்," என்பாள். எலுமிச்சம்புல், ஓமவல்லி, வெந்தயக்கீரை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம், ஒரு வெயில், ஒரு தண்ணீர்க் கணக்கு. இவ்வளவையும் வளர்த்துவிட்டு ஒரு காகிதப் பூவை முகர்வதுபோல முகர்ந்துகொண்டிருந்தாள்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரைக் கூப்பிட்டாள். கையில் ஒரு கிண்ணம் பருப்பு.

"ஏங்க, இதை மோந்து பாத்துட்டு, ஒரு வாய் சாப்பிட்டு, எப்படி இருக்குன்னு சொல்லுங்க."

அவர் சாப்பிட்டார். "சரி."

"இன்னொரு தடவ 'சரி'ன்னா கரண்டியாலயே போடுவேன். எப்படி இருக்கு?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பருப்பு ஆறி மேலே ஏடு கட்டியது. சொல்ல வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிறையவே இருந்தது. சொல்தான் கைவசம் இல்லை. கடைசியில் தன்னிடம் இருந்த சொல்லையே எடுத்துக் கொடுத்தார்.

"கழுத்து பிடிக்குது."

அவள் சிரிக்கவில்லை. அடுப்பைப் பார்த்து நின்று யோசித்தாள். வாயில் வைத்ததும் பிடிப்பது எது? மிளகு. இன்னொரு சின்னப் பாத்திரத்தில் மிளகைக் குறைத்துப் போட்டுக் கொண்டுவந்தாள்.

"இப்ப?"

"கழுத்து நல்லா இருக்கு. தோள்தான் தொங்குது."

உப்பு போட்டாள். தோள் நின்றது.

பதினைந்து நாளில் எல்லாம் பிடிபட்டுவிட்டது. முதலில் மூக்கில் ஏறுவது கழுத்து. உப்பு, தோள். வறுத்துப் பொடித்த மசாலா, இடுப்பு. விழுங்கிய பிறகும் வாயில் நிற்கும் தழை வாசனை, கீழ்மடிப்பு. "கீழ்மடிப்பு பிரிஞ்சு தொங்குது" என்றால் தழையைச் சீக்கிரமாகப் போட்டுக் கொதிக்கவிட்டுவிட்டாள் என்று அர்த்தம். தினமும் விடிந்ததும் கேன்டீனுக்கு என்ன சமையலோ அதையே வீட்டில் ஒரு கிண்ணம் அளவுக்குச் செய்வாள். அதற்கு 'ட்ரையல்' என்று பெயர். அவர் மோந்து, சாப்பிட்டு, எங்கே பிடிக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்று ஆல்டர் சொல்வார். அச்சகத்தில் போய் அதையே எண்பது பேருக்குப் பெருக்கிக்கொள்வாள்.

"அண்ணா, பருப்புக்கு எத்தனை பொத்தான்?" என்று தங்கை படியில் நின்று கேட்டுவிட்டுப் போவாள். அவருக்குக் கோபம் வராது. அவருக்கு இது பிடித்துவிட்டது. மாடிக்கே போய்ச் செடிகளுக்கும் டேப் வைத்து அளவெடுக்க ஆரம்பித்தார். எதை எப்போது பறிக்கலாம் என்று அளவு வைத்துச் சொல்லிவிடுவார். சட்டை அளவெழுதும் நோட்டிலேயே அதையும் எழுதினார். ஒரு நாள் பாங்கிக்காரர் ஒருவர் தன் பக்கத்தைத் தேடிப் புரட்டும்போது எலுமிச்சம்புல்லின் பக்கத்தைப் பார்த்துவிட்டார்.

"யாருங்க இது, உயரம் முப்பத்தி நாலு, இடுப்பு பதினொண்ணு?"

"மாடியில இருக்காங்க," என்றார் அரை இன்ச்.

பாங்கிக்காரர் அதற்குமேல் கேட்கவில்லை.

மூன்று மாதம் இப்படிப் போனது. வேடிக்கை என்னவென்றால், கேன்டீனில் சாப்பாடு முன்னைவிட நன்றாக இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். சூப்பர்வைசர் மட்டும் சாவியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு அவர் சமையற்கட்டுக்குள் வந்தார். "முதலாளி இன்னிக்கு இங்கதான் சாப்பிடறாரு. பருப்பெல்லாம் வேணாம். மீன் சூப் பண்ணுங்க."

மீன் சூப்புக்கு ட்ரையல் நடக்கவில்லை. அவள் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய் நின்று வீட்டுக்குப் போன் செய்தாள்.

"ஏங்க, உடனே கிளம்பி வாங்க. டேப்பை எடுத்துக்கோங்க."

"யாருக்கு அளவு?"

"மீனுக்கு."

அவர் வந்தார். சூப்பர்வைசர் வாசலிலேயே மறித்தார். "யாருய்யா நீ?"

"ஏப்ரன் தைக்க வந்திருக்கேன். அளவெடுக்கணும்."

உதவிக்கு இருந்த இரண்டு பெண்களுக்கும் அளவெடுத்தார். பிறகு சூப் கொதிக்கும் பெரிய பாத்திரத்துக்குப் போனார். அதன் இடுப்பில் டேப்பைச் சுற்றி, ஆவிக்குள் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்.

"அதுக்கு எதுக்குய்யா அளவு?"

"அதுக்கும் ஒண்ணு."

சூப்பர்வைசர் ஒரு நிமிடம் யோசித்தார். மற்ற கேன்டீன்களில் பாத்திரத்துக்கும் ஏப்ரன் போடுகிறார்களோ என்னவோ. தனக்குத் தெரியாது என்று காட்டிக்கொள்ள அவருக்கு இஷ்டமில்லை. "பொத்தான் வச்சுத் தைங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் அரை இன்ச் திரும்பியபோது முகம் வெளுத்திருந்தது. "ஒண்ணும் தெரியலம்மா. துணியையே காணோம்."

பக்கத்துக் கூடத்தில் ஆறு அச்சு மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. காற்று முழுக்க மையும் மண்ணெண்ணெயும். வேலை செய்கிறவர்களுக்குப் பழகிவிட்டது. அவர் மூக்கு அதைத் தவிர வேறு எதையும் உள்ளே விடவில்லை.

ஒரு டம்ளர் சூப்பைத் துணிக்கடியில் மறைத்துக்கொண்டு, மெஷின்களைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, தெருவாசலில் இருந்த வாட்ச்மேன் கூண்டுக்குப் போனார். அங்கேதான் சூப்புக்கு வாசனை வந்தது. மோந்து, ஒரு வாய் குடித்து, ஓடி வந்து, "கழுத்து இறுக்கம்," என்றார். மறுபடி டம்ளர், மறுபடி முற்றம். "இடுப்புல ஒண்ணுமே இல்ல." மூன்றாவது நடையில் வாட்ச்மேனுக்கும் ஒரு வாய் கொடுக்க வேண்டியதாயிற்று.

"அண்ணே, உப்பு சரியா இருக்கு," என்றான் வாட்ச்மேன்.

"தோள்னு சொல்லு," என்றார் இவர்.

அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது. வரவேற்க ஓடி வந்த சூப்பர்வைசர் டம்ளரைப் பார்த்துவிட்டார்.

"திருட்டு! சார், கேன்டீன் சூப்பை வெளிய கடத்தறான்!"

கூட்டம் கூடிவிட்டது. மெஷின்கள் நின்றன. கரண்டியோடு அவளும் ஓடி வந்தாள். முதலாளி காரிலிருந்து இறங்கி, "என்னய்யா இது?" என்று அரை இன்ச்சைக் கேட்டார்.

அவர் மனைவியைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார். "பசிச்சது. எடுத்தேன்," என்றார்.

"பசியா?" என்றாள் அவள். "சார், இந்த மனுசன் பசிக்குதுன்னு வாயத் திறந்து ஒரு நாள் சொன்னதில்ல. பொய் சொல்றாரு. எனக்கு மூணு மாசமா வாசனை தெரியாது. இவர்தான் மோந்து சொல்றாரு, நான் சமைக்கிறேன். அவர் திருடல சார். அவர் என் மூக்கு."

சூப்பர்வைசர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தேவிட்டார். "நான்தான் சொன்னேனே சார். எதுக்கும் இருக்கட்டும்னு பாக்கெட்டு சூப் ஒரு பாத்திரம் தயாரா வச்சிருக்கேன்."

முதலாளி அச்சுப்பிழை பார்த்தே தலை நரைத்தவர். எதையும் இரண்டு தடவை படிக்காமல் நம்பமாட்டார். "ரெண்டையும் கொண்டாங்க," என்றார்.

வாட்ச்மேன் கூண்டில், வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் நோட்டின் மேல் இரண்டு டம்ளர் வைத்தார்கள். அரை இன்ச் கண்ணை இறுக மூடிக்கொண்டார். முதல் டம்ளரை முகர்ந்தார். ஒரு வாய் குடித்தார். முதலாளி இரண்டு தடவை மணி பார்த்தார்.

"இது ரெடிமேட்," என்றார் அரை இன்ச்.

"அப்படின்னா?"

"யார் வேணா போட்டுக்கலாம் சார். யாருக்கும் பொருந்தாது."

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். இரண்டாவது டம்ளர். இந்த முறை அவர் முகம் மாறியது. "இது அளவெடுத்துத் தச்சது. கழுத்து நல்லா இருக்கு. தோள் நிக்குது. இடுப்பை ஒரு இன்ச் தளர்த்தலாம். எலுமிச்சம்புல்லை முடிச்சுப் போட்டு உள்ள விட்டிருக்கா, அதை இப்பவே எடுத்துடணும். இல்லன்னா கீழ்மடிப்பு கசக்கும்."

அவள் நின்ற இடத்திலிருந்தே சமையற்கட்டைப் பார்த்துக் கத்தினாள். "அடியே, அந்தப் புல்லை வெளிய எடு!"

முதலாளி இரண்டு டம்ளரையும் குடித்துப் பார்த்தார். அவர் கை தானாகப் போய்ச் சட்டைக் கழுத்தைத் தளர்த்திக்கொண்டது. பிறகு சூப்பர்வைசரிடம் கேட்டார்: "இவர் எந்த டிபார்ட்மென்ட்?"

"எதுலயும் இல்ல சார்."

"அதான் தப்பு."

அதெல்லாம் நடந்து மூன்று வருடம் ஆகிறது. அச்சகத்தில் மூக்குக்கு என்று தனிப் பிரிவு இல்லாததாலும், அவர் மோந்து பார்ப்பது வாசலில் என்பதாலும், அவர் பெயர் வாட்ச்மேன் பட்டியலில் இருக்கிறது. வேலை என்ற இடத்தில் 'மூக்கு' என்று அச்சடித்திருக்கிறார்கள். டம்ளர் வெளியே போகும் நேரத்தையும் உள்ளே வரும் நேரத்தையும் சூப்பர்வைசர் நின்று குறித்துக்கொள்கிறார். அரை இன்ச்சுக்குச் சளி பிடித்தால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். அன்றைக்குக் கேன்டீனில் ரொட்டியும் அவித்த முட்டையும். பெரிய பாத்திரம் பொத்தான் வைத்த நீல ஏப்ரனோடு அடுப்பில் உட்கார்ந்திருக்கிறது. எதற்கு என்று புதிதாக வந்த யாரும் கேட்டதில்லை.

அவளுக்கு வாசனை இன்னும் திரும்பவில்லை. அவள் தலைமைச் சமையல்காரியாகவே இருக்கிறாள். அவர் மத்தியானம்வரை அங்கே மூக்காக இருந்துவிட்டு, சாப்பிட்டபின் வீட்டுக்கு வந்து தைக்கிறார்.