கதவை மூடாத காவல்காரி

ஆன்லைன் கேமில் புது ஆளை உருவாக்கும்போது நான் பார்ப்பது ஒன்றுதான்: எவன் பலமாக அடிப்பான்? அதனால் வாள்வீரனை எடுத்தேன். கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என்னோடு வேலை பார்க்கும் ஸ்டெல்லா, கேடயம் மட்டும் வைத்திருக்கும் காவல்காரியை எடுத்தாள்.

“இன்னா ஸ்டெல்லா, அடிக்கவே தெரியாத ஆள எடுத்துகினு?” என்று கலாய்த்தேன்.

“இவ கோட்டை வாசல் காக்கிறவடா. எல்லாரும் உள்ள வர்ற வரைக்கும் கதவ மூட மாட்டா. உன் ஆளுக்கு இன்னா கதை?”

“அடிப்பான். அவ்ளோதான்.”

கம்பெனி ஃபயர் டிரில்லிலும் எல்லாரையும் அனுப்பிவிட்டுக் கடைசியாக வெளியே வருபவள் அவள்தான்.

சில மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரக்கர் படை கோட்டையைச் சூழ்ந்தது. அந்த கேமில் செத்தால் செத்ததுதான்; மாதக்கணக்கில் வளர்த்த ஆள் அழிந்துவிடும். புதையலுக்கு ஆசைப்பட்டு நான் வெளியே மாட்டிக்கொண்டேன்.

“கதவ மூடு, நீயாவது பொழச்சிக்கோ!” என்று ஹெட்செட்டில் கத்தினேன்.

“வாய மூடிகினு ஓடி வாடா!”

வெளியே பாய்ந்து எனக்குக் கேடயம் பிடித்து, அடியையெல்லாம் தானே வாங்கினாள். நான் நுழைந்ததும் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அவளுடைய காவல்காரி வாசலிலேயே சாய்ந்தாள்.

“போச்சே, ஸ்டெல்லா...”

“கதைக்கு இதான்டா கரெக்ட்டு” என்று சிரித்தாள்.

என் வாள்வீரன் இன்னும் இருக்கிறான். இப்போது அவனுக்கும் ஒரு கதை உண்டு: ஒருத்தி கதவை மூடாததால் பிழைத்தவன்.