கடமானுக்கு என்ன குண்டு?

சுவரிலிருந்து வந்த குண்டு

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். ஒரு பெண் தேவிகாபுரம் பஸ்ஸில் வந்து இறங்கி நேராகக் கடைக்குள் வந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு ஈயக் குண்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒரு பக்கம் தட்டையாக நசுங்கியிருந்தது. செம்மண் ஒட்டியிருந்தது.

"இது உங்க கடையில வித்ததா?" என்று கேட்டாள்.

ஆரணியில் அப்போது லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி மருந்துக் கடை எங்களுடையது. பயிரைக் காக்க லைசென்ஸ் வைத்திருக்கும் விவசாயிகள்தான் வாடிக்கையாளர்கள். எல்லாம் நாட்டுத் துப்பாக்கி. பாரலின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்டி, தக்கையை வைத்து, குண்டையோ, ரவை என்கிற பொடி ஈய மணிகளையோ போட்டு, கெஜக்கோலால் இடித்து, பின்னால் தீப்பொறி தரும் கேப் என்ற சின்ன மூடியைச் செருகிச் சுடுவது. முதலாளி ராஜேஸ்வரி அம்மா. கணவர் இறந்ததும் லைசென்ஸைத் தன் பெயருக்கு மாற்றி நடத்தினார். அவரும் துப்பாக்கியைத் தொட்டுச் சுட்டதில்லை. நான் அதுவரை ஒரு பட்டுச் சேலைக் கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தவன். இரண்டு பேருமாகச் சேர்ந்து வேட்டைக்காரர்களுக்கு யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

அந்தப் பெண் பெயர் காசியம்மா. களை பறிக்க, கடலை பிடுங்கக் கூலிக்குப் போகிறவள்.

"விடியக்காலம் கொழந்தைக்குப் பால் குட்த்துகினு இருந்தேன். பட்டுனு ஒரு சத்தம். தலைக்கு மேல ஒரு முழம், செவுத்துல பொத்தல். நோண்டிப் பாத்தா இது."

குண்டைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு நாள் முன்பு அவள் ஊர்க்காரர் குப்புசாமி வந்திருந்தார். "மான் கூட்டமா வந்து வேர்க்கடலைய மேஞ்சிட்டுப் போவுது. பெருசா ஏதாச்சும் குடு தம்பி" என்றார். அவருடைய பாரலில் இறங்கும் குண்டுகளிலேயே பெரியதைப் பொறுக்கிக் கொடுத்தேன். எவ்வளவு தூரத்தில் நின்று சுடுவார், மானுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றவில்லை. அவருடைய கடலைக் கொல்லைக்கு அடுத்து இருப்பது காசியம்மாவின் குடிசை.

ராஜேஸ்வரி அம்மா குண்டை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். பிறகு, "கொழந்தைக்கு ஒண்ணுமில்லையே?" என்றார்.

"அது அப்பவே தூங்கிடுச்சிங்க. நான்தான் இன்னும் தூங்கல."

"போலீஸ்ல சொல்லி அவன்கிட்ட இருந்து துப்பாக்கிய வாங்கிடலாமா?"

காசியம்மா தலையை ஆட்டினாள். "வேணாங்க. துப்பாக்கி போனா கடலை போவும். கடலை போனா எனக்குக் கூலி ஏது? அவரு சுடட்டும். எங்க ஊட்டப் பாத்து சுட வேணாம்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு மூன்று மணி பஸ்ஸைப் பிடிக்கப் போய்விட்டாள். குண்டை எங்களிடமே விட்டுவிட்டாள். பக்கத்துத் தெருவில் தறிகளின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த மத்தியானம் முழுவதும் நான் யாருக்கும் எதையும் விற்கவில்லை. யாரும் வரவுமில்லை.

ஏரிக்குள் ஒரு காலை

குப்புசாமியை வரச் சொன்னோம். வந்தார். வருத்தப்பட்டார். ஆனால் என்னைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"அவ்ளோ தூரம் போவும்னு நீ சொன்னியா? நீ எப்பவாச்சும் சுட்டுப் பாத்துக்கிறியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தார்.

"இல்லைங்க" என்றார் அம்மா. "சுட்டுப் பாத்துடலாம். உங்க துப்பாக்கியை எடுத்துகினு வாங்க."

போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வறண்ட ஏரிக்குள் இறங்கினோம். எதிரே உயரமான கரை. அதற்கு முன்னால் களிமண் அடைத்த ஈரச் சாக்குகளை அடுக்கினோம். ஏரியில் பனி இடுப்புயரத்துக்கு நின்றிருந்தது. சாக்குகள் படுத்திருக்கும் மாடுகள் மாதிரி தெரிந்தன. அம்மா சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டார்.

முதலில் கொக்கு, காடைக்கு விற்கும் பொடி ரவை. மானுக்கும் அதையே வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. நாற்பது தப்படியில் சுட்டார். ரவை வண்டிச் சக்கரம் அளவுக்கு விரிந்து, சாக்குத் துணியைத் துளைத்து, களிமண்ணில் நகக்கண் அளவே ஏறியிருந்தது.

"இது மானுக்குக் கொசு கடிச்ச மாதிரி" என்றார் குப்புசாமி.

"கொசு கடிச்சா ஆறிடும். இது உள்ளயே இருக்குமே" என்றார் அம்மா.

அடுத்து குண்டு. நாற்பது தப்படியில் சாக்கைத் துளைத்துக்கொண்டு கரைக்குள் ஒரு சாண் இறங்கியது. எண்பது தப்படியில் நான்கு தடவை சுட்டார். ஒன்றுதான் சாக்கில் பட்டது. மற்றவை எங்கே போயின என்று தெரியவில்லை. மருந்தைக் கூட்டிப் போட்டுப் பார்த்தார். குண்டு இன்னும் விலகிப் போனது. அவரே துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டார்.

குண்டு பாரலுக்குள் லூஸாக இருப்பதுதான் கோளாறு என்று எனக்குப் பட்டது. குண்டைத் துணியில் சுற்றி இறக்கினால் பிடிப்பாக நிற்கும். குப்புசாமி தன் பழைய வேட்டியிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துச் சுற்றினார். குண்டு நேராகப் போனது. ஆனால் அந்தத் துணி புகைந்துகொண்டே போய்க் காய்ந்த கோரைப் புல்லில் விழுந்து பற்றிக்கொண்டது. மூன்று பேரும் ஓடிப் போய் மிதித்து அணைத்தோம்.

மூச்சு வாங்கிக்கொண்டே என் பையைத் துழாவினேன். பழைய கடையில் கொடுத்த பட்டு வெட்டுத் துண்டுகள் கொஞ்சம் இருந்தன. மூக்குக் கண்ணாடி துடைக்க வைத்திருந்தவை. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அரக்குச் சிவப்பு.

"பட்டுத் துணியையா?" என்றார் குப்புசாமி. "மான் இன்னா கல்யாணத்துக்கா போவுது?"

சுற்றி இடித்துச் சுட்டார். குண்டு சாக்கின் நடுவில் போய் உட்கார்ந்தது. புகை மெல்லக் கலைந்தது. அதற்குள்ளிருந்து அந்தச் சிவப்புத் துண்டு சுழன்று சுழன்று இறங்கிப் பனிக்குள் மறைந்தது. நான் போய்ப் பொறுக்கினேன். ஓரம் கருகியிருந்தது, அவ்வளவுதான். நெருப்பு தானாக அணைந்திருந்தது. இன்னும் ஐந்தாறு துண்டுகளை வைத்துப் பார்த்தோம். பச்சை, மாம்பழ மஞ்சள், நீலம். ஒன்றுகூடப் புல்லைப் பற்றவைக்கவில்லை. வெயில் ஏறியபோது ஏரிக்குள் அங்கங்கே நிறம் நிறமாகக் கிடந்தது. அம்மா ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் சேர்த்துக்கொண்டிருந்தார். நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவை நான் பார்த்தது அன்றுதான்.

காசியம்மா சொன்னது

தூரமும் துணியும் புரிந்துவிட்டன. குடிசைச் சுவர் மட்டும் அங்கேயேதான் இருந்தது. மறுவாரம் நானும் குப்புசாமியும் அவருடைய கொல்லையில் போய் நின்று பார்த்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கடைசியில் ஒரு வீடு, ஒரு கிணற்றடி, ஒரு வழி. களைக்கொட்டோடு வந்த காசியம்மா எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நின்னுகினே சுடணும்?" என்றாள். "பரண் கட்டி மேல ஏறிக்கினு கீழப் பாத்துச் சுட்டா, தப்பினா மண்ணுலதானே போய் வுழும்?"

குப்புசாமி தலையைச் சொறிந்தார். பத்து நாளில் பரண் எழும்பியது.

அதன் பிறகு கடைக்கு யார் வந்தாலும் நான் வரிசையாகக் கேட்பேன். என்ன மிருகம்? எத்தனை தப்படி? பின்னால் என்ன? உயரத்தில் நின்று சுடுவீர்களா? சிலர் எரிச்சல்பட்டார்கள். "ஜல்தி குடுப்பா, பஸ் போயிடும். இன்னா பேஜாரு புடிச்ச கடை இது" என்பார்கள். சைக்கிள் சக்கரத்துக்குள் இருக்கும் இரும்புப் பால்ஸைக் கொண்டுவந்து, இதைப் போட்டுச் சுடலாமா என்பார்கள். கூடாது. அது பாரலைக் கீறிவிடும். மிருகத்துக்குள் நிற்காமல் துளைத்துக்கொண்டு போய்விடும். சுத்த ஈயம்தான் வேண்டும். பல்லால் கடித்தால் தடம் பதிய வேண்டும். மெத்தென்ற ஈயம்தான் பட்ட இடத்தில் நசுங்கி, தன் வேலையை அங்கேயே முடிக்கும்.

சில வருடங்களில் வனவிலங்குச் சட்டம் வந்தது. மானைச் சுடக் கூடாது என்று ஆனது. கடலைக் கொல்லைக்காரர்கள் வெறும் மருந்தை வைத்து வெடித்து விரட்டினார்கள். குண்டு, ரவை விற்பனை பாதியானது. அம்மா அதற்காக வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

கடமான்

எண்பதுகளின் தொடக்கத்தில் மழை பொய்த்த ஒரு வருடம். ஒரு நாள் மத்தியானம் பாரஸ்ட் ரேஞ்சர் கடைக்கு வந்தார். கூடவே குப்புசாமியும். மலையிலிருந்து தண்ணீர் தேடி ஒரு கடமான் இறங்கிவிட்டது. யாரோ திருட்டுத்தனமாகச் சுட்டிருக்கிறார்கள். காயம் புழுத்துப்போய், எழுந்து நடக்க முடியாமல் ஏரியோரம் கிடக்கிறது. கால்நடை டாக்டர் பார்த்துவிட்டுப் பிழைக்காது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். வலியை முடித்துவிட மேலிடத்து உத்தரவு வந்திருக்கிறது. குறி தப்பாதவர் என்று ஊரில் பெயர் எடுத்தவர் குப்புசாமி. அதனால் அவரைப் பிடித்திருந்தார்கள்.

"கடமானுக்கு என்ன குண்டு போடணும்?" என்றார் ரேஞ்சர். "ரெண்டு குண்டா போட்டுடலாமா? சேஃபா இருக்கும்."

அதற்கு முன் அந்தக் கேள்விக்கு நான் பதில் சொன்னதே இல்லை. கடமான் புள்ளிமானைப்போல மூன்று நான்கு மடங்கு எடை. தோல் தடிப்பு. எலும்பு கனம். தவறான பதிலைச் சொன்னால் அந்த ஜீவன் இரண்டாவது தடவையும் சாகாமல் கிடக்கும்.

"ஒரே குண்டு சார்" என்றேன். "ரெண்டு போட்டா ரெண்டும் ரெண்டு பக்கம் போவும். ரெண்டுக்கும் வேகம் இருக்காது."

"மருந்தாவது கொஞ்சம் கூட்டிக்கலாம் ஏகாம்பரம்" என்று என்னைப் பார்த்துச் சொன்னார் குப்புசாமி.

"வேணாங்க. எப்பவும் போடற அளவுதான். இருபது தப்படிக்குள்ள போயிடுங்க."

இருந்த குண்டுகளையெல்லாம் மேஜையில் கொட்டினேன். அவருடைய பாரலுக்குச் சரியாக இறங்குவதில் பன்னிரண்டு தேறின. ஒவ்வொன்றாக உருட்டிப் பார்த்தேன். அச்சில் ஊற்றும்போது காற்று புகுந்தால் உள்ளே பொந்து விழும். அப்படிப்பட்டது நேராக உருளாது. நாலைந்தைக் கழித்தேன். மிச்சத்தைக் கடித்துப் பார்த்தேன். கடைசியில் ஒன்றை எடுத்துத் துடைத்து ரேஞ்சரிடம் நீட்டினேன். அவர் வாங்கியதும் திரும்பக் கேட்டு வாங்கி இன்னொரு தடவை உருட்டிப் பார்த்தேன். அதைப் பார்த்த அம்மா, "நீயும் கூடப் போயிட்டு வா" என்றார்.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தோம். ஏரியில் ஒரு குட்டை அளவுதான் தண்ணீர். அதன் ஓரத்தில் அது முன்னங்கால்களை மடக்கிப் படுத்திருந்தது. கிளைத்த கொம்புகள். பழுப்பு வெயில் முதுகெல்லாம் வழிந்தது. எங்களைப் பார்த்து எழ முயன்றது. பாதி எழுந்து, திரும்ப உட்கார்ந்துவிட்டது. பிறகு, நாங்கள் அங்கே இல்லை என்பதுபோல, தண்ணீரைப் பார்க்கத் திரும்பிக்கொண்டது. அதற்கு அப்பால் ஆளில்லாத கரை.

குப்புசாமி இருபது தப்படியில் நின்றார். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் குறி வைத்தார். வெகுநேரம் பிடித்த மாதிரி எனக்கு இருந்தது. சத்தம் கேட்டது. கடமான் தலையைத் தரையில் வைத்தது. கால்கள் ஒரு முறை நீண்டன. அவ்வளவுதான். தண்ணீரில் வட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன.

ரேஞ்சர் பழைய காயத்தைக் கத்தி முனையால் கிளறி எதையோ என் கையில் போட்டார். பொடி ரவை. விலாவெல்லாம், கழுத்தெல்லாம், ஒரு கண்ணிலும்கூட இருந்தது.

"எத்தினி நாளா இப்டி நடந்துகினு இருந்திருக்கும் சார்?" என்று குப்புசாமி கேட்டார்.

"பத்து நாள் இருக்கும்."

குப்புசாமி துப்பாக்கியைத் தரையில் வைத்துவிட்டுக் கரையில் உட்கார்ந்துகொண்டார். நெடுநேரம் எழவில்லை. அந்த ரவை எங்கள் கடையில் விற்றதா, வேறு ஊரில் வாங்கியதா என்று சொல்ல வழியில்லை. ரவையில் பெயர் எழுதியிருக்காது.

மறுநாள்

மறுநாள் காலை கடையைத் திறந்ததும் வெம்பாக்கம் பக்கத்திலிருந்து பழக்கமான ஒருவர் வந்தார். பொடி ரவை கேட்டார்.

"எதுக்குங்க?"

"எதுக்கா இருந்தா இன்னா? லைசென்ஸ் கீது. குடு."

"எதுக்குன்னு சொன்னாதான் குடுப்பேன்."

அவர் குரலை உயர்த்தினார். பத்து வருட வாடிக்கை என்றார். முதலாளியைக் கூப்பிடச் சொன்னார். உள்ளேயிருந்து வந்த ராஜேஸ்வரி அம்மா, "அவரு கேக்கறதுக்குப் பதில் சொல்லிட்டு வாங்கிக்குங்க" என்று மட்டும் சொன்னார். வந்தவர் வேலூரில் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். வாங்கியிருப்பார். அதைத் தடுக்க என்னால் முடியவில்லை.

இப்போதும் சில விடியற்காலைகளில் அந்தக் கடமான் என் கனவில் வருகிறது. உடம்பில் காயம் இருக்காது. இரண்டு கண்ணும் இருக்கும். ஏரி நிறையத் தண்ணீர் இருக்கும். குடித்துவிட்டு, அவசரமில்லாமல், பனிக்குள் நடந்து போய்விடும்.

கடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். துப்பாக்கி மருந்தாக இருந்தாலும் சரி, பூச்சி மருந்தாக இருந்தாலும் சரி. வாங்க வருகிறவர் பொருளின் பெயரைத்தான் சொல்வார். அதை வைத்து என்ன செய்யப்போகிறார் என்று நாம்தான் கேட்க வேண்டும். கேட்டால் சிலர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போவார்கள். போகட்டும். நான் கேட்டதால் போனவர்களின் முகம் ஒன்றுகூட இன்று எனக்கு நினைவில் இல்லை. கேட்காமல் கொடுத்த அந்த ஒரு குண்டைத்தான் மறக்க முடியவில்லை.